குதிரைக்குப் பக்கத்தில் ஒரு கப்பல்

மார்ச் 4, செவ்வாய்

துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டை முடித்துக் கொடுத்தேன். உலகில் யாரும் படிக்காத நூல்களை எழுதுவது என் தொழில். எட்டு வருடமாக எழுதுகிறேன். ஒரு வாசகர் கடிதம்கூட வந்ததில்லை.

மதியம் இவள், நான் கட்டிக்கொள்ள நினைப்பவள், போன் செய்தாள். வெளிநாட்டில் இருக்கும் தன் அப்பா அம்மாவிடம் எங்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். அம்மா கேட்டது: "ஒல்லியா?" அப்பா கேட்டது: "நேர்ல பாக்காம எப்படிம்மா சொல்றது?" ஆக, ஏப்ரலில் போகிறோம். அவர் பார்ப்பார். பிறகு சொல்வார்.

"வேணாம்னு சொல்லிட்டா?" என்றேன்.

"அவரை மீறி நான் பண்ணிக்க மாட்டேன். முதல் நாளே சொல்லியிருக்கேன்ல?"

சொல்லியிருக்கிறாள்தான். அப்போது அது அழகாகத் தெரிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

அவர்களுக்கு என்ன வாங்கிப் போவது என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்பாங்க. போன தடவையும் அப்படித்தான் சொன்னாங்க."

போன தடவையா?

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. எனக்கு முன்பு ஒருவர் இருந்தார். பல் டாக்டர். அவரையும் அங்கே கூட்டிப்போயிருக்கிறாள். பிறகு இவளுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள். எல்லாம் ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை. எனக்கு ஒன்றும் இல்லை. நான் படித்தவன்.

"அவர் என்ன வாங்கிட்டுப் போனார்?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு!"

ஞாபகம் இல்லையாம். ஆளை மறக்கவில்லை, பரிசை மட்டும் மறந்துவிட்டாள்!

மார்ச் 11, செவ்வாய்

பல் டாக்டர்களுக்குக் கை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

வீடியோவில் முதல்முறை பேசினேன். அம்மா கேமராவுக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா பாதி மட்டும் தெரிந்தார். நான் அவரை "சார்" என்று கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? 'மாமா' என்றால் முந்திரிக்கொட்டை. 'அங்கிள்' என்றால் பக்கத்து வீட்டுப் பையன்.

அவர்கள் பேசியது எதுவும் மனதில் இல்லை. பின்னால் அலமாரியில் ஒரு குதிரை நின்றது. வெள்ளைப் பீங்கான். முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, பல் முழுக்கத் தெரிய. பல்! ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகச் செதுக்கியிருந்தது. இதை வேறு யார் வாங்கியிருக்க முடியும்?

ஹாலின் நட்டநடுவில் வைத்திருக்கிறார்கள். தூசி துடைத்து.

மார்ச் 18, செவ்வாய்

கையேடுகளுக்குப் படம் போடும் நண்பரிடம், வீடியோவிலிருந்து எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டி, குதிரையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் பார்க்கச் சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன்.

"யோவ், பொண்ணு பாக்கப் போறீரா, பொருட்காட்சிக்குப் போறீரா?"

"பொண்ணப் பாத்தாச்சு. இப்ப என்னைத்தான் பாக்கப் போறாங்க."

"அப்போ ஒரு டப்பா பிஸ்கெட் வாங்கிட்டுப் போய் உக்காரும். குதிரை அதுபாட்டுக்கு நிக்கட்டும்."

இவருக்குக் கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது. பொறாமை என்றால் என்ன என்றே மறந்துவிட்டார். உயரத்தை மட்டும் சரியாகச் சொன்னார்: முழங்கால் அளவு.

மார்ச் 29, சனி

கப்பல் வாங்கிவிட்டேன். பாய்மரக் கப்பல். தேக்கு மரம், துணிப் பாய், நூலில் ஏணி, கண்ணாடிப் பேழை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

இவள் பார்த்தாள். பேழையின் நீளத்தைச் சாண் போட்டு அளந்தாள். பிறகு, "கப்பலை ஃப்ளைட்ல கொண்டுபோறியா?" என்றாள்.

"மடியில வச்சுக்குவேன்."

"அப்பாவுக்குக் கடல்னாலே குமட்டும், தெரியுமா?"

கடலைப் பார்த்தால் குமட்டும். மரத்தைப் பார்த்தால் ஏன் குமட்டப்போகிறது?

ஏப்ரல் 3, வியாழன்

அவர் உயரமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "யாரு, அப்பாவா?" என்றாள். வேண்டுமென்றேதான் கேட்கிறாள்.

ஏப்ரல் 19, சனி

வந்து சேர்ந்தோம். கப்பலுக்குச் சேதம் இல்லை. என் தொடைகளுக்கு உண்டு.

அப்பா விமான நிலையத்துக்கு வந்திருந்தார். "வாங்க" என்றார். அதன்பின் வீடு வரும்வரை சாலையோடு மட்டும்தான் பேசினார். பேழையைத் திறந்து காட்டியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயோ, இவ்ளோ பெருசா எதுக்குத் தம்பி!" என்றார் அம்மா.

அப்பா கப்பலை ஒரு சுற்று சுற்றி வந்து அம்மாவிடம் சொன்னார்: "நல்லா இருக்கு. ஹால்ல வை. குதிரை பக்கத்துல."

குதிரை பக்கத்தில்! அம்மா குதிரையைக் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தார். பல் டாக்டரின் குதிரை எனக்காக நகர்ந்தது. வந்த முதல் நாளே.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் ஹாலில் உட்கார்ந்து ஜோடியாக நின்ற இரண்டையும் பெருந்தன்மையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா துடைக்கும் துணியோடு வந்தார்.

"குதிரை ரொம்ப அழகா இருக்கு" என்றேன். ஜெயித்தவன் தாராளமாகப் பேசலாம்.

"இதுவா? கண்றாவி. ராத்திரி தண்ணி குடிக்க வந்தா பல்லைக் காட்டிட்டு நிக்கும். இவர் ரிட்டையர் ஆனப்ப ஆபீஸ்ல கொடுத்தது."

ஆபீஸ்!

"அப்போ ஏன் ஹால்ல..."

"கொடுத்தவங்க வந்து பாத்தா மனசு நோகக் கூடாதுல்ல? புடிச்சதுன்னா எடுத்துப் புழங்கிடுவோம். புடிக்காததைத் தூக்கியும் போட முடியாது, என்ன பண்றது? எல்லாத்தையும் ஹால்ல வச்சிடுவோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் கப்பலைத் துடைக்கப் போய் நின்றுவிட்டார். "உங்களோடது அப்படியில்ல தம்பி. இது... நல்ல மரம்."

அலமாரி முழுவதும் இப்போதுதான் பார்த்தேன். இதய வடிவக் கடிகாரம், அட்டை கிழிக்காத டின்னர் செட், பிளாஸ்டிக் அருவி. இது வரவேற்பறை இல்லை. அடக்க ஸ்தலம். நான் முதல் வரிசையில் கிடக்கிறேன்.

இவளிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். "எனக்குத் தெரியும். சொன்னா நீ கேட்டிருப்பியா?" எப்படிச் சிரிக்க முடிகிறது? அப்பா வேண்டாம் என்றால் இவளுக்கும்தானே நான் இல்லை?

ஏப்ரல் 21, திங்கள்

குளிக்கும்போது வெந்நீர் நடுவில் பச்சைத் தண்ணீராயிற்று. கத்திவிட்டேன். மரியாதைக்குரிய கத்தல் இல்லை.

"அப்படித்தான் தம்பி வரும்!" சமையலறையிலிருந்து அம்மா. "இருங்க, அமுக்கிப் பாக்கறேன்!"

தலை துவட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், அம்மா ஒரு ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறார். சுவரில் உயரத்தில் புது ஹீட்டர். ஆறு பொத்தான். ஏதோ ஒன்றை அமுக்குகிறார், அப்புறம் இன்னொன்றை. ஸ்டூல் சாதாரண ஸ்டூல்தான். மேலே ரப்பர் விரிப்பு, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. விளிம்பில் சாயம் போய் மரம் தெரிந்தது.

"ஸ்டூல் ரொம்ப உறுதியா இருக்கே" என்றேன். ஏன்தான் சொன்னேனோ.

"அந்தப் பல் டாக்டர் தம்பி வாங்கினது. வெறுங்கையோடதான் வந்துச்சு. மேல் அலமாரிக்கு நான் எக்கி எக்கி நிக்கறதப் பாத்துட்டு, சொல்லாம கொள்ளாம கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துது." குரல் தாழ்ந்தது. "நல்ல பிள்ளை. என்னமோ, கொடுத்து வைக்கல."

யாருக்குக் கொடுத்து வைக்கவில்லை? அவருக்கா? இவர்களுக்கா?

ஒரு மாதமாகத் தப்பான ஆளோடு, இல்லை, தப்பான குதிரையோடு சண்டை போட்டிருக்கிறேன். அவன் வந்தான், பார்த்தான், வாங்கினான். நான் வாங்கினேன், வந்தேன், இன்னும் பார்க்கவே இல்லை. அவன் எத்தனாக இருந்திருக்கக் கூடாதா? கஞ்சனாக? அட, ஒரு சொத்தைப் பல்லாவது?

ஏப்ரல் 22, செவ்வாய்

அப்பா காலையில் ஹீட்டர் கையேட்டோடு உட்கார்ந்திருந்தார். இந்த ஊர் மொழி அவருக்கு நன்றாக வரும். கையேட்டு மொழிதான் வரவில்லை. அது எந்த நாட்டிலும் யாருக்கும் வராது. நானே எட்டு வருடமாக எழுதுகிறேன்.

"இவனுங்க மனுஷங்களுக்குத்தான் எழுதறாங்களா?" என்றார்.

"இல்ல சார். கோர்ட்டுக்கு எழுதறோம். கேஸ் வந்தா காட்டணும்ல?"

முதல்முறையாக என்னை முழுதாக நிமிர்ந்து பார்த்தார்.

கையேட்டை எனக்குத் தமிழில் வாசித்துச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு பொத்தானாக இருவரும் அமுக்கிப் பார்த்தோம். மூன்றாவது பொத்தான் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்கு. அது தெரியாமல் கைபட்டுக் கைபட்டுத்தான் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. பிறகு பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதினேன். முதல் வரி: "பயப்படாதீங்க, வெடிக்காது." எங்கள் கம்பெனி இந்த வரியை உயிர் போனாலும் அச்சிடாது.

தாளை இடுப்பு உயரத்தில் ஒட்டினேன். வசதிக்காக என்று சொன்னேன். தரையில் நின்றே படிக்கலாம், ஸ்டூல் தேவையில்லை. இதில் அற்பத்தனம் ஏதும் இல்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

கிளம்பினோம். அம்மா கண் கலங்கினார். அப்பா, "போய்ட்டு வாங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றார். கப்பல் அங்கேயே நிற்கிறது. கிளம்பும் நேரத்தில் யாரோ அதன் மேலிருந்த தூசியைத் துடைத்திருந்தார்கள்.

மே 6, செவ்வாய்

அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. இவளும் கேட்கப் பயப்படுகிறாள். இப்போது சிரிப்பதில்லை.

மே 18, ஞாயிறு

வீடியோ. இந்தமுறை ஹால் இல்லை. அப்பா போனைச் சமையலறையில் பிடித்துக்கொண்டிருந்தார். மாடி வீட்டு அம்மாளுக்கும் அதே ஹீட்டர், அதே தகராறாம். அவருக்காக என் தாளைப் படிப்பதற்கு அம்மா ஏறி நின்றார்.

ஏறி. தாள் மேலே இருந்தது, பொத்தான்களுக்கு நேராக.

"கீழ இருந்தா தண்ணி தெறிச்சு நனையுதுன்னு நான்தான் மாத்தி ஒட்டினேன்" என்றார் அப்பா.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் வரியைப் படித்துச் சிரித்தார். கை பொத்தானுக்குப் போனது.

"இரு, அவசரப்படாத" என்று அதட்டினார் அப்பா. "மாப்பிள்ளை எழுதியிருக்கறத முழுசாப் படிச்சிட்டு அப்புறம் அமுக்கு."

இவள் என் கையைப் பிடித்தாள். நான் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவே இல்லை. நல்ல ஸ்டூல்தான், பாவி.