வீலின் முதுகில் இருந்த எண்

ஏப்ரல் 11, வியாழன்

சந்தை நாள். என் வீட்டுக்காரர் வெர்லின் இருந்திருந்தால் இந்நேரம் பிக்கப் வண்டியில் மாட்டு டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். நான் பாத்திரம் கழுவினேன். அடக்கத்தன்று ஊர்க்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்த கண்ணாடித் தட்டுகள் இன்னும் மேஜை நிறையக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் டேப்பில் யார் பேர் என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பார்த்து அடுக்கினேன். கொடுக்கப் போகவில்லை. போனால் "எப்படி இருக்கே, நீவா?" என்பார்கள். என்ன சொல்வது?

ஏப்ரல் 14

சர்ச்சுக்குப் போகவில்லை. நாளெல்லாம் காற்று. இந்த ஒக்லஹோமாக் காற்றுக்கு யார் செத்தால் என்ன.

ஏப்ரல் 17

டயர் கடை ஆர்வல் வந்தார். நொறுங்கிய பிக்கப்பில் மிஞ்சிய மூன்று வீல்களைக் கழற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கிவிட்டுப் போனார். நாலாவது, பின்பக்கம் இடது வீல், ஓடைப் பாலத்தருகே உடைந்தது. அதில்தான் வண்டி உருண்டது. வெர்லினும் போனார்.

மூன்றும் இன்னும் பளபளவென்று இருக்கின்றன. அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எங்கள் மகன் ராய்ஸ் ஆசையாக வாங்கிப் போட்ட அலுமினிய வீல்கள். ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்தில் வெர்லின் ஜன்னலில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டினார். "நீவா, இதுல முகம் பாத்து சவரமே பண்ணிக்கலாம்டி!"

ஏப்ரல் 18

ராய்ஸ் போன் பண்ணினான். "அம்மா, அந்த வீல் மூணையும் நான் எடுத்துக்கறேன். அப்பா ஞாபகமா இருக்கட்டும்."

எடுத்துக்கோடா என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அவனுடையதும் அதே மாதிரி பிக்கப்தான். நாலாவதை எங்கேயாவது வாங்கி மாட்டிக்கொள்வான்.

ஏப்ரல் 19

சேறோடு கொடுப்பானேன் என்று துடைக்கப் போனேன். தட்டுகளைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பழகின கை, வீலையும் கவிழ்த்தது. முதுகுப் பக்கம் எழுத்து வார்த்திருந்தது. அதிகபட்சச் சுமை 2500 பவுண்டு.

ஆறாவதோடு என் படிப்பு நின்றது. ஆனால் மாட்டின் எடை எனக்குத் தெரியும். மனதுக்கு என்னவோ போலிருந்தது. அவர் கழற்றிப் போட்ட பழைய இரும்பு வீல்கள் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்தன. ஒன்றை உருட்டி வந்து பார்த்தேன். 3590.

ஒரே வண்டிக்கு ஏன் இரண்டு எண்?

ஏப்ரல் 20

ஆர்வல் வீட்டுத் தட்டைக் கொடுக்கிற சாக்கில் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"டிரெய்லரோட மூக்கு பிக்கப் பெட்டி மேலதானே உக்காருது? மாடு நிறைய ஏத்தினா பின் வீல் ஒவ்வொண்ணு மேலயும் மூவாயிரத்துக்கு மேல வந்துடும்."

"அப்ப அலுமினியம்னாலே ஆகாதா?"

"அலுமினியத்தை ஏன் திட்டறே? கம்பெனியிலேருந்து வண்டியோட வர்ற அலுமினிய வீலு இரும்பு தாங்கறதைத் தாங்கும். அழகுக்குன்னு வார்த்து விக்கறானே, அதுலதான் வினை. டயர்ல பத்து பிளை, கனம் தாங்கும்னு போட்டிருந்தா போதும், நம்மாளுங்க மாட்டை ஏத்திடுவானுங்க. வீலோட நம்பர் முதுகுல இருக்கு. எவன் கழட்டிப் பாக்கறான்?"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார்.

"நீவா... ராய்ஸ்கிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம் ஆர்வல். உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், வேணாம்."

ஏப்ரல் 21, காலை

தூக்கமில்லை. சொன்னால், நீ வாங்கின வீல்தான் உங்கப்பாவைக் கொன்னுச்சு என்று சொன்ன மாதிரி. சொல்லாவிட்டால் — அதையே மாட்டிக்கிட்டு மாடு ஏத்துவான். ஐயோ, நான் என்ன பண்ணுவேன்? புருஷனைக் குடுத்தது போதாதா? வெர்லின், நீங்கதான் சொல்லுங்களேன்.

அதே நாள், சாயங்காலம்

வந்தான். ஏற்றினான். கிளம்பும்போது மட்டும் வாய் திறந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு மாடு ஏத்தாதே ராய்ஸ்."

"ஏம்மா?"

"சும்மாதான். பயமா இருக்கு."

என்னையே பார்த்தான். "சரிம்மா" என்றான். அவன் சின்ன வயசிலிருந்தே எல்லாவற்றுக்கும் சரிம்மாதான். எதைக் காதில் வாங்கினான், எதை வாங்கவில்லை, எனக்கு எப்படித் தெரியும்?

மே 2, வியாழன்

சந்தை நாள். இன்று ராய்ஸ் மாடு ஏற்றுகிறான். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிடவில்லை.

மே 3

வந்துவிட்டானாம். மருமகள் கெண்ட்ராதான் சொன்னாள். எந்த வீல் போட்டிருந்தான் என்று கேட்க வாயெடுத்தேன். "மழை பேஞ்சுதா அங்க?" என்று கேட்டேன்.

மே 9

மறுபடியும் வியாழன். ஒவ்வொரு வியாழனும் இப்படித்தானா இனிமேல்?

மே 12, அன்னையர் தினம்

கெண்ட்ரா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வாசலில் ராய்ஸின் பிக்கப். நாலும் கறுப்பு இரும்பு வீல். ஒன்றில் மஞ்சள் தழும்பு. மாட்டுக்குக் குறி போடும்போது வெர்லின் கொட்டிய சாயம் அது. எங்கள் கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் கிடந்தவை! எப்போது வந்து எடுத்தான்? அன்றைக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அவனுடைய ஷெட்டில் அலுமினிய வீல்கள் மூன்றும் சுவரோரம் சாய்ந்திருந்தன. யாரும் இல்லை. கவிழ்த்தேன். எண் இருந்த இடத்தை கிரைண்டர் வைத்துத் தேய்த்திருந்தான். மூன்றிலும். கை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

ஞாபகத்துக்கென்று கேட்டானே. நான் திருப்பிப் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டுமென்றுதான் கேட்டிருக்கிறான்.

திரும்பினால் பின்னால் நிற்கிறான். மெலிந்து போயிருக்கிறான். இத்தனை நாள் நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அம்மா... இதோட முதுகுல என்னமோ எழுதியிருந்துச்சு. நீ பாத்தியா?"

"எனக்கு எங்கடா கண்ணு தெரியுது? தெரிஞ்சாலும் அந்த நம்பரெல்லாம் எனக்கு என்ன புரியப்போவுது?"

வீலைப் பழையபடி சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"ஆமா" என்றான். "வா, கறி ஆறிடும்."

சாப்பிட்டோம். மிச்சக் கறியை கெண்ட்ரா தட்டில் போட்டுக் கொடுத்தாள். எப்போதோ நான் அங்கே விட்டுவந்த தட்டுதான். வீட்டுக்கு வந்து கழுவிக் கவிழ்த்தேன். அடியில், டேப்பில், வெர்லின் எழுதின என் பேர். மசி பாதி போயிருந்தது. அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் துடைத்து வைத்தேன்.