வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டிய பதில்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள நெட்டைக்கு,

நலம்தானே? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தினால் உன் உயரம் ஒன்றும் குறைந்துவிடாது என்று உன் வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த மனுஷன் சொல்வதை ஒரு தடவையாவது கேள். இங்கே நானும் மகளும் நலம். என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அவர் வேலை பார்க்கும் அந்த வெளியூர் ஆலையில் போன் சரியாக எடுக்காது, எடுத்தாலும் அவர் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். எழுத உட்கார்ந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும்.

இந்தச் செய்தியை நானும் உன்னிடம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீடுதான் உனக்குத் தெரியுமே, சமையலறையில் முணுமுணுத்தால் மாடிப்படியில் கேட்கும். அதோடு, சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிடுமோ என்று பயம்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இத்தனை வருஷத்தில் நீ விவரமாகக் கேட்டதே இல்லை. நல்லவேளை. மாத்திரைப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே எட்டாக மடித்து ஒரு மெல்லிய தாள் இருக்குமே, எடுத்ததும் கசக்கிக் குப்பையில் போடுவாயே, அந்தத் தாளில் பிழை இல்லாமல் பார்ப்பவள் நான். யாருமே படிக்காத ஒன்றை மூன்று தடவை படிப்பதற்கு எனக்குச் சம்பளம். ஆசிரியர் பயிற்சி முடித்ததும் நீ பள்ளிக்கூடத்துக்குப் போனாய். நான் இப்போதைக்கு இருக்கட்டும் என்று இந்த அச்சகத்துக்கு வந்தேன். அந்த இப்போதைக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது.

ஜன்னல் இல்லாத அறை. கீழேயிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேஜை. வெளியே மழையா வெயிலா என்று சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கால்புள்ளி, ஒரு கால்புள்ளிக்காக அரை நாள் சண்டை போடுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் எப்போதோ வெளியே வந்திருப்பேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் நெஞ்சில் யாரோ கையை வைத்து அழுத்துவது மாதிரி இருக்கும். டாக்டரிடம்கூடப் போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மேல்வீட்டில் ஒரு தலைமை ஆசிரியை குடியிருக்கிறார். அவருடைய பள்ளியில் தமிழ் ஆசிரியை கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டார். நான் பயிற்சி முடித்தவள் என்று எப்போதோ சொன்னதை நினைவு வைத்திருந்து, எட்டு நாள் மட்டும் ஒன்பதாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சேர்த்து வைத்திருந்த லீவை எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் என் கையில் மூன்று சாக்பீஸ் உடைந்தது. இரண்டாம் நாள் நான் பாட்டுக்குப் பேசினேன், அவர்கள் பாட்டுக்குப் பேசினார்கள். மூன்றாம் நாள் என்ன தோன்றியதோ, அச்சகத்தில் கழித்துப்போட்ட மாத்திரைத் தாள்களை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஆளுக்கு ஒன்று கொடுத்து, இதை உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

நெட்டை, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும்! கடைசி பெஞ்சில் ஒரு பெண், அரட்டை என்று வகுப்பே கூப்பிடும். “உட்கொண்ட பின் கனரக இயந்திரங்களை இயக்குவதைத் தவிர்க்கவும்” என்பதை அவள் எழுதியிருந்தாள்: “இதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டாதீங்கப்பா, தூங்கிருவீங்க. அப்புறம் நாங்க என்ன பண்ணுவோம்?” அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். அந்த வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு, எப்போதும் சிரிக்கிறவள் சிரிக்காமல் உட்கார்ந்தாள். பதினாறு வருஷம் நான் சரிபார்த்த ஆயிரக்கணக்கான தாள்களில் ஒன்றாவது ஒரு வீட்டுக்குள் போனது அன்றைக்குத்தான்.

தலைமை ஆசிரியை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, அந்த ஆசிரியை இனி வரப்போவதில்லை, நீங்களே வந்துவிடுங்கள் என்றார். சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் குறைவு. இன்னொன்றும் சொன்னார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நாற்பது வயது தாண்டக் கூடாதாம், அது நிர்வாகத்தின் விதி. எனக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்.

ராஜினாமா எழுதிப் பையில் வைத்துவிட்டேன். என் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு எழுதப் போகிறேன். அவருடைய வருமானம் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம். அவர் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். நீயும் உன் வாயால் நல்லதாக நாலு வார்த்தை எழுது.

உன்,
குட்டை

*

சனிக்கிழமை, காலை

அன்புள்ள நெட்டைக்கு,

வாழ்த்து எழுதி அனுப்பிவிட்டாயா? அனுப்பியிருந்தால் பரவாயில்லை, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவருக்கு எழுதத் தாளை எடுத்து வைத்திருந்தேன். மகள் தபால் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தாள். அவருடையதுதான். ஆறு பக்கம். கல்யாணத்துக்கு முன்புகூட அவர் எனக்கு ஆறு பக்கம் எழுதியதில்லை.

குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தவர் அவர், உனக்குத் தெரியும். மெஷினில் காதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அங்கே அவருக்கு ஒன்பது வருஷமாக என்ன வேலை என்று இப்போதுதான் எழுதியிருக்கிறார். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அளவு காட்டும் முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஏறினால் ஒரு பொத்தான், இறங்கினால் இன்னொரு பொத்தான். போன மாதம் சாப்பிடும்போது தன் கையைப் பார்த்தாராம், யாரோ ஆபீசர் கை மாதிரி வழவழவென்று இருந்ததாம். “அது என் கை மாதிரியே இல்லை, பயந்துபோய்விட்டேன்” என்று எழுதியிருக்கிறார். ராஜினாமா கொடுத்துவிட்டாராம். ஊருக்கு வந்து சின்னதாக ஒரு பழுதுபார்க்கும் கடை போடப் போகிறாராம். கடையின் படம்கூடப் போட்டிருக்கிறார், வாசலில் ஒரு பெஞ்ச், உள்ளே கருவி மாட்ட ஆணிகள், ஆணி எத்தனை என்பது வரை.

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: “உன் வேலை நிலையாக இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இறங்குகிறேன். மாதக் கடைசி வரை ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் ஒரே ஒரு வரி எழுது. ஏன் என்று கேட்க மாட்டேன்.”

உன்னிடம் நல்லவள் வேஷம் போட மாட்டேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று. எடுத்து வைத்த தாளில் “வேண்டாம்” என்று எழுதினேன். ஒரே வார்த்தை. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரியும். சொன்னபடி ஏன் என்று கேட்கவே மாட்டார். அந்தக் கண்ணாடி அறைக்குத் திரும்பப் போய், பென்ஷன் வாங்கும் வரை முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்காக ஒரு நாள்கூட என்னைக் குத்திக் காட்ட மாட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பள்ளி விஷயத்தை அவரிடம் சொன்னாலும் இதேதான் நடக்கும். எனக்காக அவர் அங்கேயே இருந்துவிடுவார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வெளியே குதித்தால் வீடு நிற்காது. மகளுக்கு இன்னும் நாலு வருஷப் படிப்பு இருக்கிறது. ஒருத்தராவது வெளியே வரட்டும் என்று நினைத்தேன். உள்ளே மூச்சு முட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததால்தான் அப்படி நினைக்க முடிந்தது என்று தோன்றுகிறது. தெரியாதவளாக இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையைத் தபாலில் போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மேல்வீட்டுக்குப் போய் முடியாது என்று சொன்னேன். தலைமை ஆசிரியை எழுந்து காபிக்குப் பால் வைத்தார். அப்புறம், இந்த வயசுக் கணக்கில் என்னால் ஒன்றும் செய்ய முடியாதும்மா, நான் கையெழுத்துப் போடுகிறவள்தான், விதி போடுகிறவள் இல்லை என்றார். சனிக்கிழமைகளில் மட்டும் வரட்டுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சனிக்கிழமை பள்ளி கிடையாது என்றார். எனக்கே தெரிந்ததுதான், இருந்தும் கேட்டேன். காபி கொடுத்தார். குடித்துவிட்டுப் படி இறங்கினேன். பதினெட்டுப் படி. அன்றைக்கு ஒவ்வொன்றாக இறங்கினேன்.

அதற்கு முந்தின நாளே பிள்ளைகள் எழுதியதைக் கால்புள்ளியிடம் காட்டினேன். மாத்திரைத் தாளின் பின்பக்கத்தில் இப்படி எளிதாக நாலு வரி போட்டால் என்ன என்று கேட்டேன். படித்துப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். நல்லாத்தான் இருக்கு, ஆனா கம்பெனி வக்கீல் ஒத்துக்க மாட்டாரே என்றார். பிறகு அரட்டை எழுதியதில் ஒரு கால்புள்ளியைப் பென்சிலால் திருத்தி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வருகிற மாதத்திலிருந்து இன்னும் இரண்டு கம்பெனித் தாள்கள் நம் மேஜைக்கு வருகின்றன, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், உங்களை நம்பித்தான் ஒப்புக்கொண்டேன் என்றார். சரி என்றேன்.

மகளுக்கு எல்லாம் தெரியும். அப்பாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். அது பொய் இல்லையாம்மா என்று கேட்டாள். பொய் இல்லை, சொல்லாமல் இருப்பது, அவ்வளவுதான் என்றேன். இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நேற்றுத் தட்டை எடுத்து வைக்கும்போது, நீ ஸ்கூலுக்குப் போன எட்டு நாளும் தலையைப் பின்னிவிடும்போது பாடினே, தெரியுமா என்றாள். எனக்குத் தெரியாது.

காலையில் அந்த அழுத்தம் மறுபடியும் வந்துவிட்டது. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து பார்க்கிறேன். கட்டடம் கொஞ்சம் தாமதமாகக் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான் லாபம்.

அவர் வந்த பிறகு நீ வீட்டுக்கு வருவாய், பேசுவாய். இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வேண்டாம். உன் வகுப்பில் நடப்பதை எனக்கு எழுதுவதை நிறுத்திவிடாதே. எனக்கு வலிக்குமே என்று நினைத்து நிறுத்தினால் அதுதான் வலிக்கும்.

உன்,
குட்டை

*

சனிக்கிழமை, மதியம்

என் பிரியத்துக்குரிய உங்களுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் ஆறு பக்கமும் கிடைத்தது. மகள் கடையின் படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். பதில் எழுத ஐந்து நாள் ஆகிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை, வேலை கொஞ்சம் அதிகம்.

ராஜினாமாவைத் திரும்ப வாங்க வேண்டாம். எனக்கு முழுச் சம்மதம். என் வேலை அப்படியேதான் இருக்கிறது. இன்னும் இரண்டு கம்பெனி சேர்ந்திருக்கிறது, மேலாளர் என்னை நம்பித்தான் ஒப்புக்கொண்டாராம். அதனால் ஒரு வருஷம் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டாலும் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன இடம் காலியாக இருக்கிறது. நேற்று வரும் வழியில் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க வெளிச்சம். உள்ளே உட்கார்ந்து வேலை செய்தாலும் தெருவில் போகிறவர்கள் தெரிவார்கள். அதையே எடுக்கலாம். வெளிச்சம் இல்லாத இடம் எவ்வளவு வாடகை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

உங்கள் கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வந்து ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். கிரீஸ் கறை போகவில்லை என்று துண்டெல்லாம் பாழாக்குவீர்களே, ஆக்குங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடை திறந்த பிறகு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அன்றைக்கு எந்த மெஷினைப் பிரித்தீர்கள், எங்கே கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒன்று விடாமல் எனக்குச் சொல்ல வேண்டும். களைப்பாக இருக்கிறது, உனக்குப் புரியாது என்று தட்டிக்கழிக்கக் கூடாது. புரியாவிட்டால் பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருப்பேன். பிடித்த வேலையைச் செய்துவிட்டு வந்த ஒருத்தர் பேசுவதை எனக்குத் தினமும் கேட்க வேண்டும்.

சீக்கிரம் வாருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி