என் வீட்டார் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள்

ஏச்சையும் அன்பையும் ஒரே வாயால் கொடுத்த என் பாவாவுக்கு,

நீங்கள் போன பிறகு என்னைக் கேலி செய்ய ஆளே இல்லை. பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு, "அக்கா புருஷன் ஓசியில ஏத்திகினு போவான்னு வந்துட்டான் பாரு" என்று மொத்தப் பஸ்ஸும் கேட்கச் சொல்வீர்களே, அப்படி ஒரு வார்த்தை கேட்டுப் பதிமூன்று வருஷம் ஆகிறது. ஆனால் இன்றைக்கு எழுதுவது அதற்காக இல்லை. என் வீட்டில் என்னமோ நடக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தை மாதம் எனக்கு அறுபது முடிந்தது. அடுத்த வாரமே பெரியவன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம், ஸ்கேன் என்று தலைமுதல் கால்வரை எல்லாப் பரிசோதனையும் எடுக்க வைத்தான். டாக்டர் சின்னப் பெண். "இந்த வயசுக்கு எல்லாம் நல்லாவே இருக்குங்க ஐயா" என்று சிரித்தாள். இந்த வயசுக்கு என்றால் என்ன அர்த்தம்? அப்புறம் அவளும் என் பையனும் இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார்கள். என்னடா என்று கேட்டதற்கு, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்றான். உப்பைப் பற்றிப் பேச இங்கிலீஷ் எதற்கு?

அன்றிலிருந்து ஊரே ஒரு தினுசாகப் பார்க்கிறது. முருகன் கோயில் மலையடிவாரத்தில் ஆட்டோக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, முழங்காலைப் பார்க்கிறார்கள். படி எதற்கு சாமி, மேலே வரைக்கும் ரோடு இருக்கிறதே என்கிறார்கள். சலூன்காரர் தலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் காதுக்குள் கத்தரியோடு வெகுநேரம் இருக்கிறார். கே.ஜி.கண்டிகை டீக்கடையில் நான் கேட்காமலே சர்க்கரையைக் குறைத்துவிட்டார் மாஸ்டர். அவருக்கு யார் சொன்னது?

மெட்ராஸ் போகிற ரயிலில் ஒரு காலேஜ் பெண் எழுந்து, "உக்காருங்க தாத்தா" என்றது. யாருடைய தாத்தா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஜன்னல்தான் இருந்தது. கோபத்தில் அரக்கோணம் வரை நின்றேன். அதற்குமேல் கோபம் தாங்கியது, கால் தாங்கவில்லை.

என் கடையில் ஒரு நாள் நாற்காலியில் உட்காரும்போது யாரோ "யப்பா" என்று முனகினார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால்கூடப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தால் பெயரைப் படிப்பதற்கு முன் வயதைப் படிக்கிறேன். என்னைவிடக் கூட என்றால் நிம்மதி. குறைவு என்றால், குடித்திருப்பான் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என் வீட்டுக்காரி அமுலு. உங்கள் தங்கச்சியின் வாய் உங்களுக்குத் தெரியும். ஃபேனை இரண்டில் வைத்தால் சண்டை, மூன்றில் வைத்தால் சண்டை. அவள் இப்போது எதற்கெடுத்தாலும் "சரிங்க" என்கிறாள். நம்புவீர்களா? சோதித்துப் பார்க்கலாம் என்று, ஹாலில் ஒரு ஆடு வாங்கிக் கட்டப் போகிறேன் என்றேன். "சரிங்க" என்றாள். பாத்ரூமில் திடீரென்று வழுக்காத ரப்பர் மேட்டு ஒன்று முளைத்திருக்கிறது. கேட்டால், ஆஃபரில் கிடைத்தது என்று பையன் சொல்கிறான்.

பாவா, அதிவிநயம் தூர்த்த லட்சணம், அளவுக்கு மீறிக் குழைந்தால் ஏதோ ஏமாற்று இருக்கிறது என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? உங்கள் ஈரலில் கட்டி என்று டாக்டர் சொன்னது அன்றைக்கு உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அக்கா கேட்டபோதெல்லாம் கறி சமைத்தாள். உங்களிடம் பேசாத உங்கள் தம்பிகூட ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு சாயங்காலம் என்னைப் பார்த்து, "எல்லாரும் எங்கிட்ட ரொம்ப நல்லவங்களா ஆயிட்டீங்க. நான் போவப் போறனா?" என்றீர்கள். யாரும் சொல்லவில்லை. வீட்டின் நல்ல குணத்தை வைத்தே கண்டுபிடித்தீர்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எனக்கும் நாள் நெருங்கிவிட்டது. நான் உண்மையிலேயே பயந்துபோனேன் பாவா. ராத்திரியில் தூக்கம் போனது. இவர்களிடம் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். பொய் சொல்ல வராத ஒரே ஆள் அக்காதான். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா டி.வி. முன்னால் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். மூத்தவள் எனக்கு நாற்காலி போடுகிறாளே, இவளும் அவர்களோடு கூட்டா? உட்காராமலே கேட்டேன்.

"அக்கா, எனக்கு இன்னா வியாதி? மறைக்காம சொல்லு."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். நான் சொன்ன அத்தனையையும் கேட்டாள், ஆடு உட்பட. கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

"உனுக்கு வியாதி இல்லடா. வயசு."

அது எனக்குத் தெரியாதா என்றேன்.

"தெரியல. அதான் பஸ்ஸு ஏறி வந்து கேக்குற."

அப்படியென்றால் அமுலு ஏன் சண்டை போடுவதில்லை என்று விடாமல் கேட்டேன். அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சண்ட போட மூச்சு வாணாமா? அவளுக்கும்தான் வயசாவுது. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா. அந்த மேட்டு அவளுக்குடா. உங்கிட்ட சொன்னா பயந்துக்குவன்னு சொல்ல வாணாம்னா. நீ உன்னியே பாத்துகினு இருக்கிற."

பாவா, மறைத்தது நிஜம்தான். ஆனால் மறைத்தது என்னைப் பற்றி இல்லை. அவள் இடுப்பில் கை வைத்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதையும் என்னை ஏமாற்றுகிற திட்டத்தில் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தேன். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?

அப்புறம் அக்கா சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தாள். கறுகறு மீசையோடு நின்றுகொண்டிருந்தீர்கள். "அவரு அம்பத்தெட்டுலயே நின்னுட்டாரு. நீ அவரத் தாண்டிட்ட. வயசாவுறதுக்குப் போயி அழுதுகினு வர்றியே, அவருக்குக் குடுத்திருந்தா வாணாம்னா சொல்லியிருப்பாரு?" என்றாள். அவளுடைய அவரைக்காயில் பாதியை நான் நறுக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். உங்களுக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை. கண்டக்டர் சின்னப் பையன். உடம்பு சரியில்லையா ஐயா என்று மரியாதையாகக் கேட்டான். நீங்களாக இருந்தால் பஸ்ஸே கேட்கும்படி என்ன சொல்லியிருப்பீர்கள்?

வீட்டுக்கு வந்தேன். அமுலு சாப்பாடு போட்டாள். இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"ஆங், எங்க போயி ஊரு சுத்திட்டு வந்து சாம்பாரு நல்லா இல்லியா" என்று ஆரம்பித்தாள். பாதியில் மூச்சு வாங்கியது. நிறுத்தினாள். நான் சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தேன். மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

இனிமேல் தினம் ஒரு சண்டையாவது போடுவேன் பாவா, அவள் மூச்சு திரும்பும்வரை நடுவில் காத்திருந்து. நீங்கள் வாழாமல் விட்டுப்போன வயதையெல்லாம் முகம் சுளிக்காமல் நான் வாழ்கிறேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்களைவிட மூத்தவனாகிவிட்ட உங்கள் சின்ன மச்சான்,
முனிரத்தினம்
திருத்தணி