லே ஆஃப் என்று எழுதியிருந்த கடிதம்

மகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடி இன்று தகரப் பெட்டியைக் கிளறினேன். பூச்சி உருண்டை வாசனையோடு, நாலாக மடித்த பள்ளிக்கூடக் கொப்பித் தாள் ஒன்று கையில் வந்தது. உன் கையெழுத்து. பதுளை நூலகத்தில் நீ பென்சிலால் எழுதி எடுத்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிவிட்டது. உன்னிடம் பேசாமலே விட்ட ஒன்றை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

நீ இதை எழுதிய அந்த வருஷம் மழை பொய்த்துப் போனது. தேயிலையில் கொழுந்தே இல்லை. ஒரு காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நின்றபோது, ஆபீஸ் பலகையில் இங்கிலீஷில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. கிளாக்கர் ஐயா ஊருக்குப் போயிருந்தார். கொழுந்தெடுக்கிற பெண்களில் ஏ.எல். பரீட்சை வரை படித்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். எல்லோரும் உன்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து கீழ்மலைப் பெண்கள் நாம் எல்லோரும் லே ஆஃப் என்று இருந்தது. நீ என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாய்: “ஆஃப்னா லீவுதானே?”

வேலையில்லாத நாளை நாம் ஆஃப் என்றுதான் சொல்வோம். ஆனாலும் முன்னால் நின்ற அந்த ‘லே’ எனக்கு இடித்தது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். கொஞ்ச நாள் லீவு, பிறகு வழக்கம்போல வேலை என்று நீ எல்லோருக்கும் சொன்னாய்.

அந்த நேரத்தில்தான் வெலிமடையில் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு ஆள் கேட்டு வந்தார்கள். லீவு முடிந்து திரும்ப வேண்டுமே என்று நம் லயத்து வீடுகளில் யாரும் போகவில்லை. நம்மோடு கொழுந்தெடுத்த மருதாயி அக்காவும் போகவில்லை. கிளாக்கர் ஐயா திரும்பி வந்து, இது லீவு இல்லை, வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று விளக்கியபோது, வெலிமடையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டது.

மறுநாள் நீ எல்லோரையும் கோயில் முன்னால் கூப்பிட்டாய். “நான் தப்பா வாசிச்சுட்டேன். என்னை நம்பித்தான் இருந்தீங்க,” என்றாய்.

மருதாயி அக்கா திட்டவில்லை. “தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே புள்ள,” என்றார். நான் உனக்குப் பின்னால்தான் நின்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாய். முன்காலத்தில் கப்பற்காரர்கள் கரையைவிட்டுக் கப்பலை விலக்கி ஓட்டுவதை லே ஆஃப் என்று சொன்னார்களாம். பிறகு, வேலை குறைந்த காலத்தில் ஆட்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்து, வேலை வந்ததும் திரும்பக் கூப்பிடுவதற்கு அந்தச் சொல் வந்தது. ஒரேயடியாக அனுப்பிவிடுவது என்ற அர்த்தம் அதற்கும் பின்னால் ஒட்டியதாம்.

“அப்போ திரும்பக் கூப்பிடுறதும் இதுக்குள்ள இருக்கு,” என்றாய். “எந்த அர்த்தத்துல எழுதினாங்கன்னு கேப்போம்.”

அந்தத் தாளோடு தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனோம். நீதான் கேட்டாய். அவர் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தார். பிறகு, கொழுந்து வந்ததும் எல்லோரையும் கூப்பிடுவோம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட வைத்தாய். மழை வந்தது. கூப்பிட்டார்கள். ஆனால் மருதாயி அக்கா அதற்குள் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். லயத்தில் அவர் குடியிருந்த காம்பராவும் கைவிட்டுப் போனது. அதை நினைத்து நீ எத்தனையோ நாள் சாப்பிடாமல் இருந்தாய். அப்போதும் என்னிடம் கேட்டுத்தான் சொன்னாய் என்பதை நீ யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன பொங்கலுக்கு மருதாயி அக்கா லுணுகலையில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். போய்ப் பார்த்தேன். ஆமாம் என்று சொன்னது நான்தான் என்றேன்.

“அவ செத்த வீட்டுக்குக்கூட நான் வரல, தெரியுமா,” என்றார். “அவ மேல அவ்வளவு கோவம்.”

இப்போது ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டும் ஆபீஸ் கடிதமும் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். புரியாத சொல் வந்தால், எனக்குத் தெரியலங்க, கேட்டுச் சொல்றேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும், அன்றைக்கு உன் காதோரம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் சொல்கிறேன்.