அகழியில் கிடைத்தவர்

பலெர்மோ

அன்புள்ள அம்மாவுக்கு மகன் றொஜர் வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? காணாமல்போனோருக்கான போராட்டப் பந்தலில் நாள் முழுக்க நிலத்தில் இருக்காமல் ஒரு கதிரை கொண்டுபோங்கள்.

நகருக்கு வெளியே நான் வேலைசெய்யும் பழைய மாளிகையைச் சுற்றி அகழி இருக்கிறது. எதிரிகளுக்குப் பயந்து வெட்டியதாம். இப்போது நுளம்பு மட்டுமே படையெடுக்கிறது. அதனால் சென்ற வாரம் நீரை இறைத்துச் சேறு அள்ளினோம். என் மண்வெட்டியில் ஒரு மண்டையோடு வந்தது. பயப்பட வேண்டாம், நல்ல பழசு.

நான் சேற்றைத் துடைத்து முன்பல்லைப் பார்த்தேன். கரையில் நின்ற, எங்கள் ஊர்ச் சமையல்கார அகஸ்ரீனா அக்கா கேட்டார்:

"என்னடா, செத்தவனுக்குப் பல்லு நோகுதாமோ?"

"இல்லையக்கா, சும்மா பாக்கிறன்."

பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டுக்கார சிஞ்ஞோராவுக்கு ஒரே மகிழ்ச்சி. பேராசிரியர்கள் வந்தார்கள். நானூறு வருடப் பழசாம். ஒவ்வொரு எலும்புக்கும் ஓர் இலக்கம், பஞ்சு வைத்த பெட்டி. யார் பெற்ற பிள்ளை என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார்களாம். ஒருவரும் கேட்காமலே இவ்வளவும் நடக்கிறது. நாங்கள்தான் அவசரப்பட்டுக் கேட்டுவிட்டோம் போலிருக்கிறது.

இதைப் போனில் சொன்னால் என் குரல் ஒத்துழைக்காது. அதனால் எழுதுகிறேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிளகாய்த்தூள் அனுப்பும்போது லூர்து அண்ணா சிரிக்கும் படம் ஒன்றும் வையுங்கள். நீங்கள் பந்தலுக்குக் கொண்டுபோகும் படத்தில் வாய் மூடியிருக்கிறது. சோடா மூடியைக் கடித்து அவர் உடைத்தது இடப்பக்க முன்பல்லா, வலப்பக்கமா என்று எனக்கு மறந்துவிட்டது.

மகன்
றொஜர்