வெட்டிவிட்ட ஓரம்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
ஞாயிறு இரவு

அன்புள்ள கஜந்தி அக்கா,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னிப்பு. லோஜனாவுக்குப் பின்னேரத்திலிருந்து மூச்சு முட்டு. மருந்துப் புகை பிடிக்கவைத்து, முதுகைத் தடவி, இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். இவருக்கு இந்தக் கிழமை முழுக்க இரவு வேலை. பிள்ளைக்கு மூன்று வயதாகியும் நான் இன்னும் அவளுடைய மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். அவளுடைய மூச்சு சீராகும் வரை எனக்குப் படுக்க ஏலாது. அதுவரை உங்களோடு கதைப்போம் என்று நினைத்தேன்.

போனில் கதைக்கலாமே என்பீர்கள். போனில் கதைத்தால் அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் பாதி வாசித்து, ஒரு மஞ்சள் முகத்தைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவீர்கள். சுபைதா ரீச்சர் வெள்ளிக்கிழமை கனடாவுக்கு மகளிடம் வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உள்ளே ஒரு படமும் இருக்கிறது. தயவுசெய்து கடிதத்தை வாசித்து முடித்த பிறகு அதைப் பாருங்கள்.

நீங்கள் முகநூலில் போட்ட அப்பாவின் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆடி அமாவாசைக்கு நீங்கள் வந்து, உங்கள் மூத்தவனைக் கொண்டு அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்விக்கப்போகிறீர்கள். அதற்கு முன்னர் அந்தப் படத்தோடு பேப்பரில் நினைவஞ்சலியும் வரப்போகிறது. அது அச்சுக்குப் போவதற்கு முதல் நீங்கள் இதை வாசிக்கவேண்டும்.

கோபிக்காமல் கேளுங்கள். அந்தப் படத்தை நீங்கள் போட்ட அன்றைக்கு எனக்கு வயிறெரிந்தது. நான் பிறக்க முதல் எங்கள் ஊருக்கு வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர் எடுத்த படங்கள் எங்கள் ஊர் முகநூல் குழுவில் எத்தனையோ கிடந்தன. நானும்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கு எல்லாரும் யாரோ ஆட்கள். நீங்கள் மட்டும் அதில் ஒன்றை எடுத்து, வேண்டிய இடத்தை மட்டும் வெட்டிப் போட்டீர்கள். மூதூர் லோஞ்ச் படகு வந்து நிற்கிற ஜெட்டி. வெள்ளைச் சேர்ட் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய தோளில் சிவப்புச் சட்டையோடு ஒரு சின்னப் பிள்ளை. “இவர் என் அப்பா குணரத்தினம். லோஞ்சில் வேலை செய்தவர். தோளில் இருப்பது நான்” என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பா. எங்கள் அப்பா என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அதன் கீழே உங்கள் ஞாபகங்கள். அப்பா உங்களைப் ‘பெரியமனுசி’ என்று கூப்பிட்டதும், வேலை முடிந்து வரும்போது தோடம்பழ இனிப்பு கொண்டுவந்ததும், கடலுக்குள் உங்கள் காலை நனைத்துவிட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கியதும். எத்தனை பேர் அழுது எழுதியிருந்தார்கள்! கனகசுந்தரம் மாமா, “குணத்தின்ர அதே சிரிப்பு” என்று எழுதியிருந்தார். அப்பாவோடு வேலை செய்தவரே அப்படிச் சொன்னால் பிறகென்ன?

சந்தைக்குப் போனால் மீன்காரி விடவில்லை. “தங்கச்சி, அக்கா போட்ட படம் பாத்தனான். அவவுக்கு அப்பிடியே தேப்பன்ர மூக்கு. உங்களுக்குத்தான் ஆர்ர மூக்கெண்டு தெரியேல்ல” என்று சொல்லிச் சிரிக்கிறா. நானும் சிரித்துவிட்டு, விளைமீன் வாங்காமலே திரும்பி வந்தேன்.

அக்கா, சின்ன வயதிலிருந்து உங்களிடம் இருந்த எல்லாவற்றிலும் எனக்குப் பங்கு கிடைத்திருக்கிறது. உங்கள் சட்டை, உங்கள் சப்பாத்து, நீங்கள் எழுதி மிஞ்சின கொப்பித் தாள். அப்பாவில் மட்டும் பங்கு கிடைக்கவில்லை. நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர் வரவில்லை. பிறகு ஊரே ஓடியது. வீடும், அலுமாரியும், அலுமாரிக்குள் இருந்த கலியாணப் படமும் எரிந்துபோயின. நான் முகாமில் பிறந்தேன். அப்பா என்றால் எனக்கு நீங்கள் சொன்ன கதைதான், அதுவும் நீங்கள் சொல்ல மனம் வந்த நாட்களில். இவர் லோஜனாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு முற்றத்தில் நடக்கும்போது, நான் பெற்ற பிள்ளையைப் பார்த்தே எனக்குப் பொறாமை வரும். இதை யாரிடம் சொல்ல ஏலும், சொல்லுங்கள்.

அதற்குள் நீங்கள் ஸ்டூடியோவில் சொல்லிச் செய்வித்த படம் வீட்டுக்கு வந்தது. பிரசாந்தினி என்ற பிள்ளை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். சுவரில் பாதி இடத்தைப் பிடிக்கும் அளவு. பொன்நிறச் சட்டம், பிளாஸ்ரிக் மல்லிகை மாலை, மேலே ஒரு சின்னச் சிவப்பு லைற். லோஜனாவுக்கு ஒரே சந்தோசம். “அம்மப்பா, அம்மப்பா” என்று கண்ணாடியில் கொஞ்சி எச்சில் பூசினாள். கீழே ‘மலர்வு’ என்று ஒரு திகதி. ‘உதிர்வு’ என்று இன்னொரு திகதி. அது அப்பா வேலைக்குப் போன அந்தக் காலையின் திகதி. அதைக் கொடுத்தது நீங்கள்தானே?

அம்மா பிட்டுக்கு மாக் குழைத்த கையோடு குசினியிலிருந்து வந்தார். கனநேரம் பார்த்தார். மா ஒட்டின விரலால் தன் நெற்றியைத் தொட்டார், பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

உங்களுக்குத் தெரியாததா? கலியாண வீட்டில் சனம் அம்மாவின் நெற்றியைப் பார்த்து என்னென்ன கதைத்தது என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்டு வளர்ந்தவர்கள். அம்மா அந்தப் பொட்டை விடவில்லை. மாலை போட்ட படம் இந்த வீட்டுச் சுவரில் ஒருநாளும் ஏறியதில்லை. நீங்கள் பாசத்தில்தான் செய்தீர்கள், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த நேரத்தில்கூட எனக்கு வந்தது பொறாமைதான். பக்கத்தில் இருந்து மருந்து கொடுப்பதும், கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் நான். அம்மாவை ஒரு நிமிசத்தில் இப்படி உலுக்கிப்போட அங்கிருந்துகொண்டு உங்களால்தான் ஏலும்.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. சமைப்பார், பிள்ளையைக் குளிப்பாட்டுவார், அவ்வளவுதான். நேற்று நான் உடுப்புக் காயப்போட்டுவிட்டு உள்ளே வர, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் நிலத்தில் இருக்கிறார். படத்தை மற்றப் பக்கம் திருப்பியிருந்தார். நான் வந்ததைக் கண்டும் எழும்பவில்லை.

“பிள்ளை, இந்தக் கயித்தை ஆர் பிடிச்சிருக்கிறது?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மா விரலை வைத்துக் காட்டினார். லோஞ்சின் முன்பக்கத்திலிருந்து ஒரு கயிறு விறைப்பாக வந்து, படத்தின் இடது ஓரத்தில் முடிகிறது. அதற்கப்பால் நீங்கள் வெட்டிவிட்டீர்கள். “லோஞ்ச் இன்னும் கட்டி முடியேல்ல. சனம் இறங்கப் பாக்குது. இந்த நேரத்தில கயித்தை ஆரிட்டையோ குடுத்திட்டு உன்ர கொப்பர் பிள்ளை தூக்கிக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிப்பாரோ? அந்தாள் கயித்தை ஆருக்கும் குடுக்காது. கஜந்தி போய்க் கையை இழுத்தாலும் ‘கட்டி முடிய வாறன், தள்ளி நில்’ எண்டுதான் சொல்லும்.”

முழுப் படத்தையும் காட்டச் சொன்னார். நான் அந்தக் குழுவில் தேடி எடுத்துக் கொடுத்தேன். முதல்நாள் நீங்கள் போட்டதைக் கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு “ம்” என்று மட்டும் சொன்ன மனுசி, இப்போது இரண்டு விரலாலும் பெரிதாக்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஓரத்துக்குப் போனார். அங்கே, கட்டையில் ஒரு காலை ஊன்றி, குனிந்து, கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஒருவர். முகம் தெரியாது. முதுகு மட்டும்தான். வெள்ளைச் சேர்ட். ஆனால் தோளோடு முதுகின் குறுக்கே ஒரு துண்டு மட்டும் நீலப் பூப்போட்ட சீத்தைத் துணி.

அக்கா, அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சேர்ட் தைக்கத் துணி போதாமல் போக, தன்னுடைய பாவாடையில் மிஞ்சின சீத்தையை முதுகுக்கு வைத்துத் தைத்தாராம். முன்னால் பார்த்தால் தெரியாதுதானே என்று. ஜெட்டியில் கூடவேலை செய்தவர்கள், “குணம் முன்னால ஆம்பிளை, பின்னால பொம்பிளை” என்று பகிடி பண்ண, அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “இரத்தினம், நீ என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வாறாய் எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள்” என்றாராம். அதற்குப் பிறகு வேண்டுமென்றே அந்தச் சேர்ட்டையே போட்டாராம். இவ்வளவு காலத்தில் அம்மா எனக்கென்று சொன்ன முதல் கதை இது.

சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கஜந்திக்குச் சொல்லாத. அவள் ஒரு முகத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறாள். இருந்திட்டுப் போகட்டும்” என்றார்.

உண்மையைச் சொல்லுகிறேன். முதலில் எனக்கு வந்தது சந்தோசம். உங்கள் கையில் இருப்பது யாரோ ஒரு பிரயாணி, அவருடைய பிள்ளை. என் கையில் இருப்பது அப்பா. உங்களுக்குத் தெரியாத கதை எனக்குத் தெரியும். நேற்று முழுக்க அந்தச் சந்தோசத்தோடு வீடு கூட்டினேன், சோறு வடித்தேன். உங்களுக்குச் சொல்லாமல், அம்மா கேட்டபடி, எனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன்.

இன்றைக்குப் பின்னேரம் பிள்ளையை மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருக்கும்போதுதான் மற்றது விளங்கியது. நீங்கள் வேறொருவரை அப்பா என்று பிடித்திருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கும் அப்பாவின் முகம் ஞாபகமில்லை. எத்தனை காலமாக ஞாபகமில்லை, அக்கா? அதை ஒருவரிடமும் சொல்லாமல், நான் கேட்கும்போதெல்லாம் இருக்கிற மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தீர்களா? நான் வயிறெரிந்ததெல்லாம் உங்களிடம் இல்லாத ஒன்றுக்காகவா?

அதற்குப் பிறகு எனக்கு மறைக்க மனம் வரவில்லை.

பேப்பரில் அந்தப் படத்தைப் போடவேண்டாம். அந்த மனுசன் மூதூர்ப் பக்கம் எங்காவது சுகமாக இருக்கவும் கூடும். காலையில் தேத்தண்ணியோடு பேப்பரை விரித்து, தன் முகத்துக்குக் கீழே ‘உதிர்வு’ என்று கண்டால் என்ன பாடுபடுவார்! அம்மாவைப் பற்றியும் யோசியுங்கள். அமாவாசைக்கு நீங்கள் வாருங்கள், கட்டாயம் வாருங்கள். ஆனால் கடலுக்குப் போவதா இல்லையா என்பதை அம்மாவே சொல்லட்டும். அந்தத் திகதியை நாங்கள் கொடுக்கவேண்டாம். பெரிய படத்தை மாலையைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். லோஜனா அம்மப்பா எங்கே என்று தேடுகிறாள். என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உள்ளே வைத்திருப்பது வெட்டாத முழுப் படம். பிரசாந்தினியிடம் இரண்டு எடுத்தேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. இடது ஓரத்தைப் பாருங்கள். முதுகுதான் தெரிகிறது. எனக்குத் தெரிகிற அளவுதான் உங்களுக்கும் தெரியும்.

எனக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். முகத்தை விடுங்கள். உண்மையில் உங்களுக்கு ஞாபகமிருக்கிறது எதுவோ அதை எழுதுங்கள். அந்தத் தோடம்பழ இனிப்பு உண்மைதானா? அப்பாவின் கையில் கயிற்று மணம் இருந்ததா? அடித்திருந்தால் அடித்ததையும் எழுதுங்கள். ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுதுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நானும் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நான் எழுதினேன் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

பிள்ளையின் மூச்சு இப்போது பரவாயில்லை. அத்தானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். குளிருக்குக் கவனம். கோணேசர் உங்கள் எல்லாரையும் சுகமாக வைத்திருக்கட்டும்.

சுணங்காமல் பதில் போடுங்கள், அக்கா.

உங்கள் தங்கச்சி,
யசோதரா