மூன்றாவது ஓலைக்கு முன்

இராயபுரம்
9 ஜூன் 1969

அன்புள்ளவருக்கு,

நம் மகள் ஐரீனுக்கு நிச்சயித்த பையன் சிறைக்குப் போனவன் என்று ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. வரும் ஞாயிறு கோயிலில் மூன்றாவது முறையாகக் கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் இருந்தால் அதற்குள் சொல்லியாக வேண்டும். அதனால் ஓய்வுபெற்ற ஜெயில் வார்டர் ஸ்டானிஸ்லாஸ் வீட்டுக்கு இன்று போனேன்.

“பையன் மேல ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. எவனோ கலீஜ் புத்திக்காரன் கெளப்பி வுட்டுகிறான்,” என்றார். பிறகு சிரித்தார். “அப்படியே இருந்தாதான் இன்னா? உங்க வூட்டுக்காரரு ரெண்டு வருசம் எங்ககிட்ட உள்ள இருந்தவருதானே? நல்லாத்தானே குடும்பம் பண்றாரு?”

கையிலிருந்த காபி டம்ளரை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

“உங்க ஓலை வாசிச்சப்போ நானும் கோயில்லதான் இருந்தேன். பொண்ணு தெரிஞ்சுதான் கட்டிக்குதுன்னு கம்முனு இருந்துட்டேன்.”

“ஆமா, தெரிஞ்சுதான்,” என்றேன்.

அந்த இரண்டு வருடமும் கொழும்பில் இருந்ததாகச் சொன்னீர்கள். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கும் நான் அதற்கு மட்டும் கேட்கவில்லை.

என்ன குற்றம் என்று அவரிடம் கேட்டிருந்தால் என் பொய் வெளிப்பட்டிருக்கும். ஐரீனிடம், பையன் நல்லவன் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு பூசைக்கு நான் உங்களோடு நடந்து வர வேண்டுமென்றால், தூத்துக்குடி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுச் சனிக்கிழமையே வந்து, என்ன செய்தீர்கள் என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி